தனுஷ்கோடி வரை மிதிக்க எது கை கொடுக்கும்: பாக்கெட் ஜெல்லா, சீனித் தண்ணீரா, கருப்பட்டியா?

ராமநாதபுரத்தில் விடியுமுன் கிளம்பி, உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சைக்கிளில் போய்த் திரும்பினால் 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஏற்றம் என்று சொல்ல பாம்பன் ரோட்டுப் பாலம் மட்டும்தான். வெளியூர்க்காரர்கள் மேப்பைப் பார்த்துவிட்டு ரொம்பச் சுலபமான ரோடு என்பார்கள். இங்கே மேட்டுக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது, திரும்பி வருகிற வழி முழுக்க முகத்திலோ இடது தோளிலோ அடித்துக்கொண்டே இருக்கும். மலை ரோட்டில் ஏறினால் இறக்கம் வரும், இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கிடைக்கும், பையைத் திறந்து எதையாவது வாயில் போட்டுக்கொள்ளலாம். நம் கரையில் ஆறேழு மணி நேரம் மிதிப்பது நிற்கவே நிற்காது. அதனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், அதிகம் போனால் 2000 கலோரி. நல்ல வேகத்தில் மிதிப்பவர் மணிக்கு 500, 600 கலோரி எரிப்பார். அதில் ஒரு பங்கு கொழுப்பில் இருந்து வரும் என்றாலும், எதுவும் சாப்பிடாமல் போனால் மூன்று, நான்கு மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அரிச்சல்முனையில் இருந்து திரும்பும் நேரமும் அதுதான். எனக்கு அது தங்கச்சிமடம் தாண்டி நடந்தது. கால் வலிக்கவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை. கூட வந்தவர் பேசினாலே எரிச்சலாக வந்தது, எதிரே வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாலத்தில் போகிற நேரத்தில் அந்த நிலை வந்திருந்தால் ஆபத்து. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி சாப்பாட்டைத் தற்செயலுக்கு விடுவதில்லை என்று.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. குடலில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் கடத்திகள் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். அதற்கு மேல் குளுக்கோஸை மட்டும் திணித்தால் வயிற்றில் தேங்கி உப்பும், குமட்டும். பிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை வேறு கடத்தி வழியாகப் போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பழகிய வயிறு மணிக்கு 90 கிராம் வரை தாங்கும். குளுக்கோஸ் இரண்டு பங்கு, பிரக்டோஸ் ஒரு பங்கு என்பது பழைய விகிதம். இப்போது ஒன்றுக்கு 0.8 என்றும் கலக்கிறார்கள். நம் மளிகைச் சீனியில் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். ஆக, பெரிய கம்பெனிகள் கலந்து தரும் விகிதத்துக்குப் பக்கத்திலேயே நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பா நிற்கிறது.

சரி, பாக்கெட் ஜெல்லில் இருந்து ஆரம்பிக்கலாம். விளையாட்டுக்காரர்களுக்கென்று கெட்டிச் சர்க்கரைக் குழம்பைச் சின்ன உறையில் அடைத்து விற்பது அது. ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். மணிக்கு 60 கிராம், ஏழு மணி நேரம் என்றால் 420 கிராம். பதினான்கு பாக்கெட்டுக்குக் குறையாது. நான் வாங்கியவை ஒவ்வொன்றும் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை விழுங்குவது எனக்குக் கட்டுப்படியாகாது. காசை விட்டாலும், ஜெல்லுக்குப் பின்னால் நாலு மடக்குத் தண்ணீர் போகாவிட்டால் கெட்டிச் சர்க்கரையாக வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் ஜெர்சிப் பையில் கிடந்த ஜெல், டீ சூட்டில் வாய்க்குள் இறங்கும். கிழித்த உறை இன்னொரு தொல்லை. தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், கையில் இருந்து நழுவினால் காற்று நேரே தண்ணீரில் கொண்டுபோய்ப் போடும். பூநாரை வந்து இரை தேடுகிற இடம் அது. ஆனாலும் ஜெல்லை நான் ஒதுக்கவில்லை. கடைசி 30 கிலோமீட்டரில், எதையும் யோசிக்கத் தெம்பு இல்லாத நேரத்தில், அளந்து வைத்த 25 கிராம் ஒரு கையில் கிடைப்பது பெரிய விஷயம். இரண்டு பாக்கெட், அவசரத்துக்கு. அவ்வளவு போதும்.

குளுக்கோஸ் பவுடரைப் பலரும் பாட்டிலில் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். காய்ச்சல்காரருக்குக் கொடுத்த பழக்கத்தில் வந்த நம்பிக்கை அது. நீள ஓட்டத்துக்கு எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணம் எளிது. சீனி மூலக்கூறு குளுக்கோஸைவிட எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே 60 கிராமைக் கரைத்தால் சீனித் தண்ணீரில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு துகள்கள் குளுக்கோஸ் தண்ணீரில் மிதக்கும். 750 மில்லியில் 60 கிராம் குளுக்கோஸ் கரைத்தால் அதன் துகள் அடர்த்தி ரத்தத்தையும் தாண்டிவிடும். குடல் அதை நீர்க்கச் செய்ய உடம்பில் இருந்து தண்ணீரை இழுக்கும். வேர்த்து ஊற்றும் கடற்கரையில் இது வேண்டாத வேலை. போதாததற்கு, பிரக்டோஸும் அதில் இல்லை.

அடுத்து என் பாட்டில். சீனி இரண்டு பங்கு, மால்டோடெக்ஸ்ட்ரின் ஒரு பங்கு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மக்காச்சோள மாவு போன்றவற்றில் இருந்து எடுக்கும் வெள்ளைப் பொடி. குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் நீளச் சங்கிலி என்பதால் இனிப்பு குறைவு, தண்ணீரில் துகள் எண்ணிக்கையும் குறைவு. 40 கிராம் சீனியும் 20 கிராம் மால்டோவும் சேர்த்தால் குளுக்கோஸ் 40, பிரக்டோஸ் 20. விகிதம் சரியாக விழுகிறது. 750 மில்லி தண்ணீர், அரை எலுமிச்சை, 1 கிராம் உப்பு. கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவாக எடுத்தால் அந்த 1 கிராம் வந்துவிடும், அதில் சோடியம் 400 மில்லிகிராம் போல. வெயில் ஏறிய நாளில் ஒன்றரைக் கிராம் போடுகிறேன். மணிக்கு ஒரு பாட்டில், கூடவே வெறும் தண்ணீர் தனியாக. மொத்தக் கரைசல் எட்டு சதவீதம், வயிறு முரண்டு பிடிப்பதில்லை. 90 கிராம் எடுக்கிறவர்கள் சீனி 60, மால்டோ 30 என்று ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை ஒரே நாளில் முயலக்கூடாது. மணிக்கு 30, 40 கிராமில் தொடங்கி வாராவாரம் கூட்டினால்தான் குடல் பழகும்.

மால்டோ கிடைக்கவில்லையா? வெறும் சீனியும் எலுமிச்சையும் உப்பும் போதும், மணிக்கு 60 கிராம் வரை குறை ஒன்றும் இல்லை. ஐந்தாவது மணி நேரத்தில் திகட்டும், அதுதான் வித்தியாசம். இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்று. மால்டோ டப்பாவை ஒருமுறை சரியாக மூடாமல் விட்டேன், ஒரு வாரத்தில் கல்லாகிக் கரண்டியை உள்ளேயே பிடித்துக்கொண்டது. அதனால் வீட்டில் கலந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சின்ன கவர் என்று காற்றுப் புகாமல் கட்டிவிடுகிறேன். கரைத்த தண்ணீரை ஏழு மணி நேரம் வெயிலில் சுமப்பதைவிட, கடை நிறுத்தத்தில் பொடியைக் கொட்டிக் கலப்பது நல்லது. நல்ல தண்ணீரை மட்டும் ராமேஸ்வரத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

கருப்பட்டிக்கு வருகிறேன். மாவட்டம் முழுக்கப் பனை நிற்கும்போது இதைப் பேசாமல் விட முடியாது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், கொஞ்சம் குளுக்கோஸும் பிரக்டோஸும் தனியாக இருக்கும். 100 கிராம் கருப்பட்டியை 85 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைக்கிறேன், ஈரத்துக்கும் கசடுக்கும் மீதியை விட்டுவிட்டு. குடலைப் பொறுத்தவரை சீனிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பொட்டாசியம், இரும்பு என்று அடுக்குகிறார்கள், ஓட்டத்தில் நாம் எடுக்கும் அளவுக்கு அதை நம்பி உப்பைக் குறைத்துவிடாதீர்கள்.

ஆனால் நாக்குக்கு வேறுபாடு உண்டு, அது சின்ன விஷயம் இல்லை. ஆறாவது மணி நேரத்தில் வாய் இனிப்பையே வெறுக்கும்போது, கருப்பட்டியின் அந்தப் புகை வாசனையும் லேசான கரிப்பும் உள்ளே இறங்கும். சாப்பிடப் பிடிக்காத சத்து பையில்தான் இருக்கும். நான் செய்யும் விதம் இது: 200 கிராம் கருப்பட்டியை நுணுக்கி, 100 மில்லி தண்ணீரில் இளந்தீயில் கரைக்க வேண்டும். கொதி வந்ததும் இறக்கி, வெள்ளைத் துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும். அடியில் மண்ணும் சுண்ணாம்பும் படியும், ஒருமுறை வடிகட்டாமல் ஊற்றி பாட்டில் மூடியின் வாய் அடைத்துப் போனது. வடித்ததைத் திரும்ப அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் தேன் போல ஒழுகும் பதத்தில் நிறுத்தி, ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் ஒன்றரைக் கிராம் உப்பும் சேர்த்தால் வீட்டு ஜெல் தயார். கம்பிப்பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகிவிடும். மென்மையான சிறு குடுவையில் நிரப்பி அரை மணிக்கு ஒரு வாய், கூடவே தண்ணீர். 170 கிராம் மாவுச்சத்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்துக்கு வரும்.

சாயல்குடிப் பக்கம் ஓலைக்கொட்டான் வைத்து விற்கும் ஓர் அக்காவிடம் கலப்படம் பற்றிக் கேட்டேன். "உடைச்சுப் பாருங்க தம்பி, உள்ள மினுமினுன்னு இருந்தா சீனி. நம்மளது மங்கலாத்தான் இருக்கும்" என்று ஒரு வட்டை உடைத்துக் காட்டினார். சீனி கலந்திருந்தால் மிதிப்பவருக்கு எரிபொருள் குறையாது, அது உண்மை. ஆனால் பனையேறியின் உழைப்புக்குக் கொடுக்கும் விலையைச் சீனிக்குக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உடைத்துப் பார்த்தே வாங்குகிறேன்.

பதநீர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட என் பாட்டில் கணக்குதான். பருவத்தில் காலையில் ரோட்டோரம் கிடைத்தால் நின்று ஓர் ஓலைப் பட்டை குடியுங்கள், அதைவிட நல்லது எதுவும் இல்லை. பாட்டிலில் அடைத்துச் சுமக்க நினைக்காதீர்கள், வெயிலில் புளித்துவிடும். இளநீர் தாகத்துக்கு, ஒரு காயில் 15 கிராம் சர்க்கரை தேறுவதே அரிது, சோடியமும் குறைவு.

கடித்துத் தின்பதில் வாழைப்பழமும் பேரீச்சையும் முதல் மூன்று மணி நேரத்துக்கு நன்றாக உதவும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரை வரும். கடலை மிட்டாயை நான் விரும்பித் தின்பேன், ஆனால் அதில் பெரும்பங்கு நிலக்கடலை, அதன் கொழுப்பு செரிக்க நேரமாகும். கீழக்கரைத் தொதலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மாவோடு சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுத்த அது, கறுத்த ரப்பர் துண்டு போல வளையும், உடையாது, பொடியாகாது, ஒரு கடிக்கு ஒரு துண்டு. வடிவத்தில் இதைவிடச் சரியான சைக்கிள் பண்டத்தை நான் பார்த்ததில்லை. தேங்காய்ப்பாலின் கொழுப்புதான் தடை. வேகமாக மிதிக்கும்போது வயிற்றில் கனமாக நிற்கும். பிரவே என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் தருகிறார்கள். அவ்வளவு நேரம் மெதுவாகப் போகும்போது, இரவில், இனிப்புத் தண்ணீரே பிடிக்காத நேரத்தில், தொதல் ஒரு துண்டு உயிர் கொடுக்கும். 150 கிலோமீட்டரை வேகமாக முடிக்க நினைக்கும் நாளில் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பரோட்டா சால்னாவை முடித்து வந்து சாப்பிடலாம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த ஓட்டத்துக்கு என் பையில் இருக்கப் போவது: முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும், அரிச்சல்முனை போய் ராமேஸ்வரம் திரும்பும் வரை சீனி-மால்டோ கவர்கள், அங்கிருந்து கருப்பட்டிக் குடுவை, அடியில் இரண்டு ஜெல். போகும்போது மண்டபத்தில், வரும்போது பாம்பனில், பாலம் ஏறுமுன் நின்று ஒரு வாய் நன்றாகக் குடித்துக்கொள்வேன். பாலத்துக்கு மேலே பக்கக்காற்று தள்ளும்போது பாட்டிலுக்காக ஹேண்டில்பாரில் இருந்து ஒரு கையை எடுக்க முடியாது.