வெப் டிசைன் கோர்ஸுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

திருநெல்வேலியில் வெப் டிசைன் படிக்கலாம் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரித் தேர்வு முடிகிற சமயத்தில் ஜங்ஷன் பக்கம் நோட்டீஸ் கொடுக்க ஆள் நிற்கும். என் கைக்கும் அப்படித்தான் வந்தது: "மூன்றே மாதத்தில் வெப் டிசைனர், லைவ் புராஜெக்ட், வேலை உறுதி." நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு ஊர் பத்தமடை. அம்மா கோரைப்பாய் நெய்கிறாள். புவிசார் குறியீடு வாங்கிய பாய்தான், ஆனாலும் வியாபாரி சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. தெருவில் நாலைந்து வீட்டுப் பாயைச் சேர்த்து ஒரு வெப்சைட் போட்டால் நேராக விற்கலாம், எனக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள். கோர்ஸ் 20,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 18,000 என்றார்கள். கட்டினேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

முதல் மாதம் முழுக்க டேபிள், அதாவது பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற பழைய முறை. மெனு ஒரு டேபிள், படம் ஒரு டேபிள், டேபிளுக்குள் இன்னொரு டேபிள். எழுத்துக்கு நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் ஃபாண்ட் டேக் என்கிற குறி. அந்த டேகை விட்டுவிடச் சொல்லி 1997-ல் வந்த எச்.டி.எம்.எல். (வெப் பக்கம் எழுதுகிற மொழி) 4.0 தரத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? சார் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டோம்.

ஸ்டைல் ஷீட் என்பதே எதற்காக வந்தது என்று அங்கே ஒருநாள்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு இடம், அது எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறு இடம்; அந்த வேறு இடம்தான் ஸ்டைல் ஷீட். நார்வே கம்ப்யூட்டர் வல்லுநர் ஹோகன் வியம் லீ 1994-ல் முன்வைத்த யோசனை இதுதான். 1996 டிசம்பரில், ஸ்டைல் ஷீட் எழுதுகிற மொழியான சி.எஸ்.எஸ். முதல் தரமாக வந்தது. ஐம்பது பக்கம் இருந்தாலும் ஷீட்டில் ஒரு வரியை மாற்றினால் ஐம்பதிலும் தலைப்பின் நிறம் மாறும். நாங்கள் ஐம்பது பக்கத்தையும் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினோம்.

இரண்டாவது மாதம் பெயருக்கு சி.எஸ்.எஸ். வந்தது. 960 பிக்சல் பக்கத்தில் மூன்று பெட்டி. ஒவ்வொன்றும் 300 அகலம், நடுவில் இரண்டு இடைவெளி, தலா 30. கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் மூன்றாவது பெட்டி கீழே விழுந்துவிட்டது. கேட்டதற்கு சார், "அது பிரவுசர் கோளாறும்மா, 300-க்குப் பதிலா 258 போடு, நிக்கும்" என்றார். நின்றது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. பிரவுசரில் கோளாறே இல்லை. நாம் கொடுக்கிற அகலம் உள்ளே இருக்கும் எழுத்துக்கு மட்டும்தான். இரண்டு பக்கமும் பேடிங் (எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் விடுகிற இடம்) 20, 20, பார்டர் (ஓரக் கோடு) 1, 1 சேர்ந்தால் 342. மூன்று பெட்டிக்கே 1,026 ஆகிவிடும், 960-க்குள் எப்படி நிற்கும்? பாக்ஸ்-சைசிங் என்பதற்கு பார்டர்-பாக்ஸ் என்று ஒரு வரி எழுதினால் பேடிங்கும் பார்டரும் அந்த 300-க்குள்ளேயே அடங்கிவிடும். பாக்ஸ் மாடல் என்கிற இந்த ஒரு பாடத்தை ஒழுங்காக நடத்தியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

தமிழில் செய்ததுதான் பெரிய அநியாயம். பாமினி ஃபாண்டில் டைப் செய்யச் சொன்னார்கள். அவர்கள் லேப் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது, ஏனென்றால் அங்கே அந்த ஃபாண்ட் இருந்தது. பாமினி, எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற யூனிகோட் தரத்தில் வராது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபாண்ட் அதைத் தமிழ் மாதிரி வரைந்து காட்டுகிறது. ஃபாண்ட் இல்லாத போனில் திறந்தால் பத்தமடை என்பது ஆறு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக வரும். கூகுளில் யாராவது தமிழில் தேடினாலும் அந்தப் பக்கம் கிடைக்காது. யூனிகோடில் 1991-லிருந்தே தமிழ் இருக்கிறது.

லைவ் புராஜெக்ட் என்றது, அவர்களிடம் காசு கொடுத்து சைட் போட்ட கடைகளின் வேலை. ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரையும் போன் நம்பரையும் மாற்றி, படம் ஏற்றிக் கொடுத்தோம். ஒரு மாதம் சம்பளமில்லாமல் அவர்களுக்கு வேலை பார்த்திருக்கிறோம்.

எல்லாம் வெளிப்பட்டது டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனபோது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணன் நான் செய்த பாய்ப் பக்கத்தைத் தன் போனில் திறந்தார். 960 பிக்சலும் உள்ளங்கைக்குள் சுருங்கி, விலைப்பட்டியல் எறும்பு மாதிரி கிடந்தது, தமிழ் வரவே இல்லை. "ஸ்டைல் ஷீட் எங்கம்மா?" என்று கேட்டார். எல்லாம் டேகுக்குள்ளேயே இருக்கிறது என்றேன். அவர் திட்டவில்லை. "உன்கிட்ட காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்கம்மா" என்றார். பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் போய்க் கேட்டேன். "போன்ல சரியா வர்றதெல்லாம் அட்வான்ஸ்டு கோர்ஸ். இன்னும் 12,000 கட்டுங்க, சொல்லித் தர்றோம்" என்றார்கள். திரையின் அகலத்தைப் பார்த்துப் போனுக்கு ஏற்றபடி தோற்றத்தை மாற்றுகிற மீடியா குவரி 2012-லேயே தரமாகிவிட்டது. இன்றைக்கு அது அடிப்படைப் பாடம்.

அப்புறம் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் செய்கிற மொஸில்லாவின் எம்.டி.என். என்கிற பாடத் தளத்தில் படித்தேன். காசே இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், பரவாயில்லை. பெட்டிகளைக் கட்டத்தில் அடுக்கும் சி.எஸ்.எஸ். முறையான கிரிட் எனக்குச் சட்டென்று புரிந்ததற்கு அம்மாவின் தறிதான் காரணம். பாயில் பாவு நூலை முதலில் கட்டிவிட்டுத்தான் கோரையைக் கொடுப்பார்கள். கிரிட்டிலும் நெடுக்கும் குறுக்கும் கோட்டை ஷீட்டில் முதலில் சொல்லிவிட்டு, எந்தப் பெட்டி எந்தக் கோட்டிலிருந்து எதுவரை என்று சொல்கிறோம். பெட்டி குறைந்தது 240 பிக்சல், இடம் இருக்கிறவரை அடுக்கு என்று ஒரே வரி எழுதினேன். போனில் ஒரு பாய், கம்ப்யூட்டரில் நாலு பாய். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்ட வசதி இது.

ஆகவே சேரும் முன்னால் உங்கள் போனை எடுத்து நீட்டுங்கள். சொல்லித் தருகிறவர் தானே செய்த பக்கத்தை அதில் திறந்து காட்டட்டும். ஷீட்டில் ஒரு வரியை உங்கள் கண்முன் மாற்றச் சொல்லுங்கள், எல்லாப் பக்கமும் மாறுகிறதா பாருங்கள். தமிழ் வரியைத் தொட்டு காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே வர வேண்டும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸும், கிரிட்டும் எந்த வாரம் என்று பாடத்திட்டத்தை எழுதி வாங்குங்கள். பணத்தை மாதாமாதம் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். அதற்கு அந்த நிறுவனம் சொன்ன பதில், அட்வான்ஸ்டு கோர்ஸைப் பாதி விலைக்குத் தருகிறோம் என்பது. மாட்டேன் என்றுவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னோடு படித்த நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் அந்த நோட்டீஸையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் ரசீது இருக்கிறது, நோட்டீஸ்தான் இல்லை.