தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை போகிறவர்களுக்கு

பொங்கல் பட்டப்போட்டி பார்க்க, யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள எங்கள் ஊரான வல்வெட்டித்துறைக்கு மார்கழி, தையில் போக நினைப்பவர்கள் ரிக்கற் போட்ட கையோடு வாகனத்துக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வான் பிடித்தால் செலவு கூட. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் மலிவு, ஆனால் பொங்கல் கிழமையில் சீற் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் இந்த முறை சென்னையில் ஒரு கலியாணத்தை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கினேன். 2019இல் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்த பாதை இது. 2024 செப்ரெம்பரிலிருந்து இன்டிகோவும் ஓடுகிறது. எல்லாம் சின்ன விமானங்கள், ஆகையால் கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாகக் கட்டி வருபவர்கள் நிறையை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலை நம்பி மாரியில் திட்டம் போடவேண்டாம். கடல் குழம்பும் மாதங்களில் அதை நிறுத்திவிடுவார்கள்.

ஊருக்குள் ஆட்டோதான். "அண்ணை எங்கயிருந்து வாறியள்?" என்ற கேள்விக்குப் பிறகுதான் விலை வரும். இதைப்பற்றி எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் இருந்து கனக்கப் புலம்புவார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. 2022இல் பெற்றோலுக்குக் கியூவில் கிடந்தவர்கள் இந்த ஆட்டோக்காரர்கள். நாலு மாதம் உழைத்துப் பன்னிரண்டு மாதம் சீவிக்கவேண்டும். என்னை யோசிக்க வைத்தது வேறு விசயம்.

நாங்கள் ஒரு தம்பியின் ஆட்டோவை நாள் முழுக்க ஹயருக்குப் பிடித்திருந்தோம். காலமை சந்தியில் ஒரு ஆச்சி மறித்தார். கையில் பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பி.

"தம்பி, மந்திகைக்கு ஒருக்கா விட்டுவிடன். கிளினிக்."

"ஆச்சி, இண்டைக்கு இவை பிடிச்சிருக்கினம். பொங்கல் முடியட்டும்."

"பொங்கல் முடியுமட்டும் பிறசர் பாத்துக்கொண்டு நிக்குமே?"

ஏறச் சொன்னோம். ஏறியதும் முதல் கேள்வி, "நீ ஆற்ற பிள்ளை?" அப்பாவின் பேரைச் சொன்னதும் என் தாத்தாவின் வள்ளத்தின் நிறம்வரை சொன்னார். பிறகுதான் முறைப்பாடு வந்தது. தையிலும் ஆடி, ஆவணியிலும் தனக்கு ஆட்டோ இல்லையாம், தேங்காய் உரிக்க ஆள் இல்லையாம், மேசன் இல்லையாம். "நீங்கள் வந்தா எல்லாரும் உங்களோட. போனாப்பிறகுதான் எங்களுக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மந்திகை ஆதார வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை, மருந்தும் இலவசம். வெள்ளன போய் நம்பர் எடுத்தால் சரி. ஆனால் வெள்ளன போவதற்கு ஆட்டோ வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த நல்ல சேவை பலதும் இப்படித்தான். ஊருக்கு இருக்கிற சேவையை நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். ஒரு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போனபோதும் இதே கதை. "வெளிநாட்டால வந்தவை, பயணம் கிட்ட" என்று எங்கள் படிவத்தை முதலில் எடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் பள்ளிக்கூட அனுமதிக்குப் பத்திரம் தேடி வந்தவர். அவரை நாளைக்கு வரச் சொன்னார்கள். நான் அவரை முதலில் கவனிக்கச் சொன்னேன், அதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

இனிப் பட்டத்துக்கு வருவோம், அதற்குத்தானே எல்லாரும் போகிறது. பொங்கலன்று பின்னேரம் உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. வீசுவது வாடைக்காற்று, கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் போட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மார்கழி நடுப்பகுதியிலேயே போய் ஒழுங்கைகளுக்குள் நடந்து பாருங்கள். எந்த விறாந்தையிலும் மூங்கில் சீவல் குவிந்து கிடக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் ஒரே சிலாகையைத் திரும்பத் திரும்பச் சுட்டுவிரலின்மேல் வைத்து, எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, சரிகிற பக்கத்தைக் கத்தியால் மயிரளவு சீவினான். ஒரு பக்கம் பாரம் கூடினால் பட்டம் அந்தப் பக்கம் குத்தும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்ற பட்டங்கள் எல்லாம் சின்னவர்களுக்கு. போட்டிக்குக் கட்டுவது முப்பரிமாணம்: கப்பல், விமானம், மிருகம், சில்லுச் சுழல்கிற தேர்.

பட்டத்தில் கட்டிக் கூவவிடும் விண் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வில்லாக வளைத்த சிலாகையில் பொதி கட்டும் நாடாவை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பொருத்துவார்கள். காற்றுப் பட்டதும் அது கூவத் தொடங்கும். இரவிலும் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பார்கள், விடிய விடிய அந்தச் சத்தம். நேரமாற்றத்தால் நித்திரை வராத எனக்கு அது நல்ல துணை. மனைவி மட்டும் இரண்டாம் இரவே காதுக்குப் பஞ்சு கேட்டார்.

போட்டியன்று அந்தப் பெரிய பட்டங்களைத் தூக்கிப் பிடிக்கவே நாலைந்து பேர் வேண்டும். கயிற்றில் இன்னும் சிலர். விசில் அடித்ததும் ஓடுவார்கள். ஏறாமல் மணலில் குத்தி முறிந்த ஒன்றைச் சுற்றி நின்ற பெடியள் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த இடத்திலேயே சிலாகையைப் பிரித்து எது பிழைத்தது என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞரைப் பட்டக்கயிறு அந்தரத்தில் தூக்கிய காணொளி உலகமெல்லாம் சுற்றியது நினைவிருக்கும். கயிற்றுக்குக் கிட்டப் பிள்ளைகளை விடாதீர்கள். பட்டம் கட்டுகிற இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போனது.

போட்டியன்று போன் வேலை செய்யாது, சனம் அவ்வளவு. வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியதைப் பகலிலேயே சொல்லிவிடுங்கள். கடற்கரையோர வீட்டுக்காரர்கள் கிணற்றையும் மலசலகூடத்தையும் முன்பின் தெரியாதவர்களுக்கும் திறந்து விட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குச் சிரமம் இல்லை. தொண்டைமானாற்றுக்குப் போனால் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் எப்போதும் உண்டு, ஊரவரா வெளிநாட்டாரா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

மாரியில் டெங்கும் வரும். 2024 டிசம்பரில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்த பிறகு ஊர் இன்னும் கவனம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு வீடாக வந்து தொட்டி, சிரட்டை, பூச்சாடி எல்லாம் பார்க்கிறார். அவருக்குத் தலையிடி, பூட்டிக் கிடக்கும் வீடுகள். எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டுப் படலையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. உரிமையாளர் ஒருவர் நோர்வேயில், ஒருவர் லண்டனில், மற்றவர் ஸ்காபரோவில். கூரைப்பீலியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, கடி வாங்குவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மாரிக்கு முன்னம் பீலி துப்புரவாக்க மாதாமாதம் காசு அனுப்புங்கள். கோயிலுக்குக் கோபுரம் கட்டக் காசு சேர்க்கிற வட்சப் குழுவில் இதையும் ஒருக்கா எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

மீன் தையில் விலை. வாடைக்கடலில் எல்லா நாளும் வள்ளம் இறங்காது. இறங்கினாலும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்த இரவென்றால் வலை மிஞ்சுவதே பெரிது. கரையில் ஏலம் கூறும்போது நல்ல மீனை வெளிநாட்டு வீடுகளுக்கென்று யாராவது ஏற்றிக் கேட்டுவிடுவார்கள்.

மீனுக்காகப் போகிறவர்கள் சித்திரையில் போவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். சித்திராபௌர்ணமிக்கு முத்துமாரி அம்மன் தீர்த்தமும் இந்திரவிழாவும் அதற்குள்ளேதான் பெரும்பாலும் வரும். வெயில் கடுமை, பட்டம் இருக்காது.