சான்றிதழோடு வந்த வெற்றுத் தீயணைப்புக் கருவிகள்: வெதுப்பகம், சாப்பாட்டுக் கடை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த வாரம், சுன்னாகத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும், எனக்கு முன்பின் பழக்கமில்லாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, உங்கட பேக்கரியின்ர தீயணைப்புச் சான்றிதழைக் காட்டிக்கொண்டு ஒருத்தர் வந்து நிக்கிறார், ஆளை நம்பலாமோ?" என்று கேட்டார். நான் ஏமாந்து வாங்கிய தாளின் நிழற்பிரதி, அடுத்தவரை ஏமாற்றுவதற்கான மாதிரியாக, அதை விற்ற ஆளின் கோப்புக்குள் போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நடந்ததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு ஐந்து மாதங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் அப்படி இருந்தால் மற்றவர்கள் நட்டப்படுவதற்கு நானும் உடந்தையாகிவிடுவேன் என்பதால் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரையோ அவர் சொல்லிக்கொண்ட நிறுவனத்தின் பெயரையோ இங்கே போடவில்லை. முறைப்பாடு பொலிஸில் இருக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு வருவதும் அவருக்குப் பெரிய காரியமில்லை. அவர் செய்கிற விதத்தை அறிந்துகொண்டால் போதும்.

எங்களுடைய வெதுப்பகம் திருநெல்வேலிப் பக்கத்தில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. முன்பக்கம் கடை, நடுவில் விறகு எரிக்கும் போறணை, பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் ரோல்ஸும் பற்றிஸும் பொரிக்கும் இடம், அதற்கு வெளியே சுவரோரமாக இரண்டு 37.5 கிலோ எரிவாயு சிலிண்டர்கள். விறகும் எண்ணெயும் எரிவாயுவும் ஒரே வளவுக்குள் இருக்கும் தொழில் என்பதால் தீயைப் பற்றிய பயம் எனக்கு எப்போதும் உண்டு. 2021 இன் இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாள்தோறும் வந்தபோது ரெகுலேட்டரையும் குழாயையும் முழுதாக மாற்றினேன். அதே நான்தான், 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், மின்பிறப்பாக்கிக்கென்று டீசலைக் கான்களில் சேர்த்து விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவரும் வந்து கேட்கவில்லை; இப்படி வைத்திருக்கலாமா என்று நானும் எவரிடமும் போய்க் கேட்கவில்லை.

கடந்த மாசி மாதம், வியாபார உரிமம் புதுப்பிக்கும் அலுவல் தொடங்கியிருந்த நேரத்தில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் கையில் தடித்த கோப்புமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளூராட்சி சபையிலிருந்து வருகிறேன் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் சபையிலிருந்து வந்தவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே நடந்துகொண்டார். சிலிண்டர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பொரிக்கும் இடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரில் தொங்கிய மூன்று உலர் தூள் தீயணைப்புக் கருவிகளையும் தட்டிப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணை, இந்த முறை தீயணைப்புச் சான்றிதழ் இல்லாட்டி லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டினம். போன கிழமையும் ரெண்டு கடையை மூடச் சொல்லிப் போட்டினம். நீங்கள் கந்தோர் கந்தோராய் அலைய வேண்டாம், நான் எல்லாம் செய்து தாறன்." எந்த இரண்டு கடைகள் என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

மூன்று கருவிகளின் பராமரிப்பு, புதிதாக 2 கிலோ காபனீரொட்சைட்டுக் கருவி ஒன்று, சான்றிதழ் எல்லாவற்றுக்குமாக 68,500 ரூபாய் பேசினார். பாதியைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியை வங்கியில் போடச் சொன்னார். அவர் தந்தது நிறுவனத்தின் கணக்கன்று, ஒரு பெண்ணின் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கு. "எங்கட கணக்குப் பிரிவில இருக்கிற தங்கச்சி" என்றார். பற்றுச்சீட்டில் 'சேவைக் கட்டணம்' என்று கையால் எழுதியிருந்ததே தவிர, வியாபாரப் பதிவு இலக்கமோ முகவரியோ இருக்கவில்லை. மனைவி அதை அன்றே கவனித்துக் கேட்டாள். அலைச்சல் மிச்சம் என்ற நினைப்பில் நான் அவளுடைய வாயை அடைத்தேன். போகிற போக்கில், தீபாவளிக்குக் கடை முன்னால் சீனவெடி விற்க விருப்பமென்றால் அதற்கும் அனுமதி எடுத்துத் தரலாம் என்றார். வெடி விற்பனை 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் வருகிற விடயம், மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்குகிற பொருளன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டவில்லை.

பராமரிப்பு என்ற பெயரில் அவர் செய்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. மூன்று கருவிகளையும் மேசையில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்தார், குழாயின் வாயை ஊதிப் பார்த்தார், அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்து "பாருங்கோ, முள் பச்சையில நிக்குது" என்று காட்டினார், ஊசிக்குப் புதிய பிளாஸ்ரிக் முத்திரை மாட்டினார், பளபளக்கும் ஒட்டுத்தாளை ஒட்டினார். ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கொம்பு பணிஸும் கட்டிக் கொடுத்தேன். முறையான பராமரிப்பு எதுவென்பதைப் பிறகுதான் கேட்டறிந்தேன். ஆண்டுக்கொரு முறை கருவியின் நிறையை எடுத்து முன்னைய பதிவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தமானி உண்மையில் இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். குழாயையும் வளையங்களையும் கழற்றிப் பார்க்க வேண்டும். உலர் தூள் கருவியென்றால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக அடித்து வெளியேற்றிப் பார்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல் வருகிறவர் இதில் முதலாவதைக்கூடச் செய்ய முடியாது.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் நான்கு மணியளவில், ரோல்ஸ் பொரிக்கும் தாச்சியில் எண்ணெய் அளவு மீறிச் சூடாகித் தீப்பற்றியது. பொரிக்கும் தம்பி ஒருவருக்குச் சில்லறை கொடுக்க முன்பக்கம் வந்திருந்தான். அவன் திரும்பிப் போனபோது சுவாலை தகரத்தை எட்டியிருந்தது. ஓடிப்போய்க் கருவியைத் தூக்கினான், ஊசியை இழுத்தான், பிடியை அமுக்கினான். சளி பிடித்த கிழவர் இருமுவதுபோல இரண்டு தரம் இருமி, ஒரு கைப்பிடியளவு தூளைத் துப்பிவிட்டு அது நின்றுவிட்டது. இரண்டாவது கருவி இருமக்கூட இல்லை. அதற்குள் மாப் பிசைகிற இடத்திலிருந்து மற்றவன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் அது அடிக்கு இறங்கி, அந்தக் கணமே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எண்ணெயைத் தீயோடு சேர்த்து ஆட்களின் மேல் வாரியிறைக்கும். "தண்ணி ஊத்தாதை!" என்று நான் கத்திய கத்தலில் அவன் வாளியைக் கைவிட்டான். நான் வெளியே ஓடிச் சிலிண்டர்களைப் பூட்ட, தம்பி பாண் அடுக்கும் பெரிய தட்டொன்றை எடுத்துத் தாச்சியின் மேல் கவிழ்த்தான். தீ அதற்குத்தான் அடங்கியது. கவிழ்க்கும்போது அவனுடைய முன்கை வெந்துவிட்டது. இரண்டு கிழமை வேலைக்கு வரவில்லை. கூலியையும் மருந்துச் செலவையும் கொடுத்தேன். அவனுடைய தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

அன்றிரவு, போறணை வேலை தொடங்குவதற்கு முன்னர், நான்கு கருவிகளையும் மா நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்த கருவி, பிடியை எவ்வளவு அமுக்கினாலும் மூச்சு விடாமல் இருந்தது. அதன் அழுத்தமானி முள்ளோ இன்னும் பச்சையிலேயே நின்றது. விரலால் தட்டினேன், கருவியைத் தலைகீழாகப் பிடித்தேன், முள் அசையவில்லை. அது எத்தனை ஆண்டுகளாக அப்படி ஒட்டிக்கொண்டு எனக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்ததோ. அடுத்து, புதியது என்று வாங்கிய காபனீரொட்சைட்டுக் கருவி. இந்த வகைக்கு அழுத்தமானியே கிடையாது. உள்ளே வாயு இருக்கிறதா என்பதை நிறுத்துத்தான் அறிய வேண்டும். வெற்று நிறை 4.9 கிலோ, நிரப்பிய நிறை 6.9 கிலோ என்று உருளையில் போட்டிருந்தது. தராசு 5.0 என்று காட்டியது. சுடுநீரில் நனைத்த துணியால் அதன் ஒட்டுத்தாளை ஊறவைத்து நகத்தால் உரித்தபோது, கீழே வேறொரு நிறுவனத்தின் ஒட்டுத்தாள் 2016 ஆம் ஆண்டுத் திகதியோடு இருந்தது. அதற்குக் கீழேயும் ஒன்று இருந்தது, வாசிக்க முடியவில்லை.

இரண்டாவது தூள் கருவியை அடுத்த நாள் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அழுத்தத்தை இறக்கித் திறக்கச் சொன்னேன். (இதை எவரும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது, அழுத்தம் எஞ்சியிருந்தால் தலைப்பகுதி தெறித்து ஆளைக் கொல்லும்.) உள்ளே தூள் இருக்கவில்லை; ஈரம் பட்டு இறுகிய சுண்ணாம்புபோல ஒரே கட்டியாக அடியில் உட்கார்ந்திருந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார்: எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் காபனீரொட்சைட்டுக் கருவியை மாட்டியதே பிழை. அது மின்சாரத் தீக்கு உகந்தது. எரியும் எண்ணெயில் அடித்தால், சீறி வருகிற வேகத்தில் எண்ணெய் சிதறிப் பரவலாம். பொரிக்கும் இடத்துக்கு வேண்டியது ஈர இரசாயனக் கருவியும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்புப் போர்வையும். விற்றவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் கையில் கிடந்ததைத் தள்ளிவிட்டிருக்கலாம்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். பொறுப்பான உத்தியோகத்தர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கட கடிதமில்லை. இப்பிடியொண்டை நாங்கள் கேக்கவுமில்லை" என்றார். மேலே தீச்சுவாலைச் சின்னமும் நடுவில் 'இணக்கச் சான்றிதழ்' என்ற பெரிய எழுத்துகளும் கீழே வாசிக்க முடியாத வட்ட முத்திரையுமாக இருந்த அந்தத் தாளை ஆறுதலாக வாசித்தால், குறிப்பிட்ட கருவிகள் பராமரிக்கப்பட்டன என்று ஒரு தனியார் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது மட்டுமே அதில் இருக்கிறது. என் கட்டடத்தைப் பற்றியோ சிலிண்டர்களைப் பற்றியோ ஒரு வரி இல்லை. மாசியில் என் உரிமம் புதுப்பிக்கப்பட்டது உண்மை. அதற்கும் இந்தத் தாளுக்கும் தொடர்பே இல்லை, நான் கட்டணம் கட்டியதால் அது வந்தது. ஆனால் ஐந்து மாதங்களாக அவரால்தான் கிடைத்தது என்று எண்ணி, இரண்டு நண்பர்களுக்கு அவரைச் சிபாரிசும் செய்திருந்தேன்.

வியாபார உரிமம் உள்ளூராட்சி சபையின் அலுவல். மாநகர எல்லைக்குள் மாநகர சபை, வெளியே பிரதேச சபை அல்லது நகர சபை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. இவற்றில் எதையும் வழங்கும் அதிகாரம் எந்தத் தனியார் கருவி விற்பனையாளருக்கும் இல்லை. கட்ட வேண்டிய பணம் கந்தோரில் காசு வாங்கும் சிறாப்பரிடம் கட்டப்பட்டு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு அங்கேயே கையில் கிடைக்கும். எது தேவை, எது தேவையில்லை என்ற சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

நானே எழுதிக் கேட்டதன் பேரில் பின்னர் ஒரு நாள் உண்மையான பரிசோதனை நடந்தது. வந்தவர்கள் சான்றிதழ் எதையும் நீட்டவில்லை, பணமும் கேட்கவில்லை. சிலிண்டர்கள் வடிகானின் வாய்க்கு அருகில் இருப்பதை முதலில் காட்டினார்கள்: எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாமல் வடிகானுக்குள் இறங்கித் தேங்கி, எங்கோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பின்கதவை அடைத்து மா மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, தீ முன்பக்கம் பிடித்தால் பொடியள் எதால் ஓடுவார்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இருக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவர்கள் கண்டதை, 68,500 ரூபாய் வாங்கியவர் ஒரு மணித்தியாலம் நின்றும் காணவில்லை.

ஆனாலும் சபைகளின் பக்கமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆண்டு முழுவதும் எட்டிப் பார்ப்பாரில்லை. எங்காவது ஒரு கடை எரிந்தாலோ உரிமம் புதுப்பிக்கும் காலம் வந்தாலோ திடீரென்று கேள்விகள் எழுகின்றன. என்ன கேட்பார்கள் என்று எவருக்கும் நிச்சயமில்லாத அந்த நாட்களில்தான் தரகர்களுக்கு அறுவடை. தேவைகளை ஒரு தாளில் எழுதிக் கந்தோர் வாசலில் ஒட்டிவிட்டால் இவர்களில் பாதிப்பேர் தொழிலை மாற்றிக்கொள்வார்கள். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த நகருக்கென்று ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. இங்கே 110 க்கு அழைக்கலாம், வண்டியும் வரும். என் ஒழுங்கைக்குள் அது எப்படித் திரும்பும் என்பதை நான் அன்றுவரை யோசித்ததில்லை. வண்டி வரும்வரை கையில் இருப்பது சுவரில் தொங்குகிற கருவி மட்டுமே.

ஆகவே இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், எந்தச் சபை, எந்தப் பிரிவு என்று கேட்டு, அவர் கண்முன்னாலேயே அந்தக் கந்தோருக்குத் தொலைபேசி எடுங்கள். அவர் தருகிற இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். இன்றே முடிக்காவிட்டால் கடை பூட்டப்படும் என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குப் போகும் பணத்தைத் தனியாள் கணக்கில் போடாதீர்கள். கருவி வாங்கினாலும் நிரப்பினாலும் அந்த இடத்திலேயே நிறுத்து, நிறையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பொலிஸிலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலும் முறையிடுங்கள். என் பணம் இன்னும் திரும்பவில்லை. அவருடைய தொலைபேசி முறைப்பாடு செய்த அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. சுன்னாகத்துக்காரரிடம் அவர் கொடுத்தது வேறோர் இலக்கம். அதையும் பொலிஸில் கொடுத்துவிட்டேன்.

அந்த நான்கு கருவிகளையும் எறியாமல் வைத்திருக்கிறேன். என் கடையின் பெயர் போட்ட சான்றிதழோடு எவராவது உங்களிடம் வந்திருந்தால், எந்த நாளும் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, போறணை ஆறியிருக்கும் நேரத்தில், உங்களுடைய கருவியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மா நிறுக்கும் தராசு முன்பக்கத்திலேயே இருக்கிறது.