விருப்பப் பட்டியல் தயாரித்துத் தரும் ஆலோசனை நிறுவனம்: பொறியியல் கலந்தாய்வைச் சந்தித்த ஒரு தந்தையின் மதிப்பீடு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளில், பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒன்பது தொலைபேசி அழைப்புகள் வந்தன. நான்கு உறவினர்களுடையவை, மற்றவை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் இப்போதே இடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்திய கல்லூரிகளுடையவை. என் மகள் கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 88 வாங்கியிருந்தாள். கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால் கட்-ஆஃப் 200-க்கு 167. அந்த எண்ணைக் கேட்டவர்கள் எல்லோரும் "பார்க்கலாம், ஏதாவது கிடைக்கும்" என்றே சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் என் மனைவிக்கும் தூக்கம் போயிற்று. அந்த மனநிலையில்தான், கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைத் தயாரித்துத் தருவதாகச் சொன்ன தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் 7,500 ரூபாய் கட்டினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கிடைத்த சேவை எப்படி இருந்தது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

இத்தகைய நிறுவனங்களை ஏன் நாட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், திரையில் காலி இடங்களைப் பார்த்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரலாம். 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய பிறகு, சென்னைக்கு அலையும் செலவு மிச்சமாயிற்று. ஆனால் எந்த இடம் நம் முறை வரும்வரை மிஞ்சியிருக்கும் என்று தெரியாமலேயே கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்த வேண்டியதாயிற்று. பெற்றோரின் பயம் முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் மரியாதையாகவே நடத்தினார்கள். கட்-ஆஃப் வரிசைப்படி மாணவர்களைப் பகுதி பகுதியாக அழைக்கும் சுற்றுகள் எப்படி நடக்கும், எந்தெந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பேச்சு முழுவதும் என்னோடுதான் நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

நான்கு நாள் கழித்து 72 வரிகள் கொண்ட பட்டியல் வந்தது. என் தந்தை மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். அவருடைய டெஸ்டரையும் பிளையரையும் வைத்துக்கொண்டு வளர்ந்த என் மகளுக்கு ட்ரிபிள் இ, அதாவது மின் மற்றும் மின்னணுப் பொறியியல், படிக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே இருந்துவரும் ஆசை. பட்டியலைப் பென்சிலோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, இரண்டே இடங்களில் வட்டமிட்டாள். அவை 61-ஆவது வரியும் 68-ஆவது வரியும். மற்றவை எல்லாம் கணினி அறிவியலும் அதையொட்டிய பிரிவுகளும். அவள் எதுவும் சொல்லாமல் தாளை என்னிடம் நீட்டினாள். அப்போதுதான், அவளைக் கேட்காமலேயே அவளுடைய நான்கு ஆண்டுகளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

பட்டியலில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. இரண்டாவது, மூன்றாவது வரிகளில் இருந்த தனியார் கல்லூரிகளில், முந்தைய ஆண்டு எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 140-ஐ ஒட்டிய கட்-ஆஃபுக்கே இடம் கிடைத்திருந்தது. கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கிவிடும். ஆகவே 167 வைத்திருப்பவர் 140-க்குக் கிடைக்கும் கல்லூரியை மேலே வைத்தால், கீழே உள்ள எழுபது வரிகளுக்கும் வேலையே இல்லை. தற்காலிக ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருக்கலாமே என்றால், அதிலும் பட்டியலில் அதற்கு மேலே உள்ளவை மட்டுமே கிடைக்கும். இதைக் கேட்டபோது, "அங்கே பிளேஸ்மென்ட் நன்றாக இருக்கிறது, நம்பி விடுங்கள்" என்பதுதான் பதில். கூடவே, தாங்களே பதிவேற்றிவிடுவதாகச் சொல்லி, கலந்தாய்வு இணையதளத்தில் மகளின் கணக்குக்கான கடவுச்சொல்லையும் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை, விண்ணப்பம் பதிவு செய்யப் போயிருந்த அதே அரசு பொறியியல் சேர்க்கை சேவை மையத்துக்கு மகளோடு மீண்டும் போனேன். மாநிலம் முழுவதும் இத்தகைய மையங்கள் 100-க்கும் மேல் உள்ளன, கட்டணம் கிடையாது. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். மின்விசிறி இருந்தும் காற்று வரவில்லை, உட்கார நாற்காலிகள் போதவில்லை. எங்கள் முறை வந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று மகளைக் கேட்டார். பிறகு இணையதளத்தில் உள்ள முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டு அட்டவணையைத் திறந்து, கல்லூரி வாரியாகவும் இனவாரியாகவும் எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டினார். எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை, எளிதில் கிடைப்பதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வரிசையை மகளையே எழுதச் சொன்னார். எந்தக் கல்லூரி நல்லது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வது அவர் வேலையும் இல்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி நான்கு கல்லூரிகளை நாங்களே நேரில் பார்த்துவிட்டு வந்தோம்.

மகள் எழுதிய பட்டியலில் 31 வரிகள் இருந்தன. இரண்டாம் சுற்றில், அதில் ஆறாவதாக இருந்த அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் இ கிடைத்தது.

தனியார் நிறுவனத்துக்கு நான் ஐந்தில் ஒன்று தருவேன். அந்த ஒன்றும் சுற்றுகளை விளக்கியதற்காக. சேவை மையத்துக்கு நான்கு. போக நினைப்பவர்கள், சுற்றின் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முதல் நாள் காலையிலேயே, முந்தைய ஆண்டு அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையைக் கட்டாயம் உடன் அழைத்துச் சென்று, மேசைக்கு முன்னால் உள்ள நாற்காலியில் அவர்களை உட்கார வையுங்கள்.