குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் நம்பாதீர்கள்: மழைநீர்ப் பாத்தியில் எனக்குப் போனது 42,500 ரூபாய்

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கோபம் ஆறினால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். மாடி ஷீட்டுக்கு மழைநீர்ப் பாத்தி, அதாவது ஓரத்தில் விழும் மழையை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகும் கட்டர், மாட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. மொட்டை மாடி ஒழுகுகிறது என்று போன வருடம் இரும்புச் சட்டம் வைத்து ஷீட் போட்டோம். ஒழுகல் நின்றது. ஆனால் மழை மொத்தமும் ஷீட்டின் இரண்டு ஓரத்திலும் கொட்ட ஆரம்பித்தது. கிழக்கே எங்கள் முற்றம், மேற்கே பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் காம்பவுண்டுச் சுவர். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் பாசி ஏறுவதைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அம்மா அப்போதே சொன்னாள். "தண்ணி விழுற இடத்துல ஜல்லியைக் கொட்டி ஒரு ஓடை வெட்டி விடு, போதும். பாத்தி வச்சா இலை அடைக்கும், யாரு ஏறி வாருவா?" எனக்கோ தண்ணீரைச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா கட்டிய குழி கிணற்றடியில் சும்மா கிடக்கிறது. ஷீட் நாற்பதுக்கு இருபத்தைந்து அடி. ஒரு ராத்திரி 5 செ.மீ. பெய்தால் 4,600 லிட்டர் வரும். அதை ஏன் தெருவில் விட வேண்டும்?

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை. நிறைய நட்சத்திரம், பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக். வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றினார், அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார், நாடாவைப் பிடித்து ஒவ்வொரு மூலையும் அளந்தார். ரன்னிங் அடிக்கு 450 ரூபாய், இரண்டு பக்கமும் சேர்த்து எண்பது அடி, 36,000. இறங்கு குழாய் பக்கத்துக்கு இரண்டாக நாலு, அதற்கு 8,500. மொத்தம் 44,500. "ஆப் வழியா கட்டினா கமிஷன் புடிச்சிருவாங்க அக்கா. என் நம்பருக்கே போட்டுருங்க, உங்களுக்காக ரெண்டாயிரம் குறைச்சுக்கிறேன்." அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பாதியை அன்றைக்கே போட்டுவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரே நாளில் மாட்டி முடித்தார்கள். நான் வேலை விட்டு வந்து பார்த்தால் குழாய் பக்கத்துக்கு ஒன்றுதான் இருந்தது. கேட்டேன். "இதுவே தாராளம் அக்கா, கணக்குப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார். அப்புறம் ஏணியில் ஏறி, ஒரு குடம் தண்ணீரைப் பாத்தியில் சாய்த்தார். தண்ணீர் சலசலவென்று குழாயில் இறங்கிக் கீழே வந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. "பாத்தீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நின்ற இடத்திலேயே மீதியையும் அனுப்பினேன். 42,500 ரூபாய் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவர் குடத்தைக் கவிழ்த்தது குழாய் வாயிலிருந்து இரண்டடி தள்ளி என்பது இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. மறுமுனையில் ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

முந்தாநாள் ராத்திரி ஐப்பசி மழை பிடித்தது. ஒரு மணி இருக்கும், மேற்குப் பக்கம் மடார் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் பாத்தி நடுவில் பிளந்து, ஒரு துண்டு அண்ணாச்சியின் சுவர் மேல் தொங்குகிறது. முன்பு நாற்பதடி நீளத்துக்குப் பரவி விழுந்த தண்ணீர் இப்போது அந்த ஒரே ஓட்டை வழியாகக் கொட்டுகிறது. விடிந்து பார்த்தபோது அவர் சுவரின் அடியில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி. பாத்தியே இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

காலையில் ஷீட் போட்ட வெல்டர் தம்பி வந்து ட்யூப் லெவல் பிடித்து, அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்த்தார். வாட்டமே, அதாவது சரிவே, இல்லை. பத்தடிக்குக் கால் அங்குலமாவது குழாய் பக்கம் இறங்க வேண்டும், இங்கே நடுப்பகுதி குழாய் வாயை விடத் தாழ்ந்து கிடக்கிறது. பாத்தியைத் தாங்கும் கிளாம்பு இரண்டடிக்கு ஒன்று வேண்டும், நாலடிக்கு ஒன்று அடித்திருக்கிறார்கள். நாற்பதடிக்கு மொத்தம் பதினொன்று, நானே எண்ணினேன். ஆறங்குலப் பாத்தி நிறைந்தால் அடிக்கு இரண்டே முக்கால் கிலோ, நாற்பதடிக்கு நூறு கிலோவுக்கு மேல். எப்படித் தாங்கும்? பிவிசி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், அதனால் இணைப்பில் ரப்பர் வைத்த யூனியன் போட வேண்டுமாம். இவர்கள் சிலிக்கானைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது பல்லி வால் மாதிரி உரிந்து வந்தது.

போன் செய்தேன். முதல் தடவை, "ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க மேடம்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது. இரண்டாம் தடவை, "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்." ஐப்பசியில் மழை பெய்வது இயற்கைச் சீற்றமா? மழைக்காகத்தானே பாத்தி? மூன்றாவது தடவை மணி அடிக்கவே இல்லை. ஆப்பின் கஸ்டமர் கேரில் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே" என்றாள். புகார் எண் கொடுத்தார்கள். இன்று காலை பார்த்தால் அந்த எண்ணுக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறது. என்ன தீர்ந்தது? என் 42,500 ரூபாயா?

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் பிடித்த ஆளுக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். எத்தனை குழாய், எத்தனை அடிக்குக் கிளாம்பு, எவ்வளவு வாட்டம் என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை ஒரு நல்ல மழை பார்க்கும்வரை கையில் வையுங்கள். தண்ணீரைச் சேர்க்கும் எண்ணம் இல்லை, பக்கத்து வீட்டிலும் விழவில்லை என்றால் அம்மா சொன்ன ஜல்லி ஓடையே போதும்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. 42,500 ரூபாயை விடப் போவதில்லை. இப்போது மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. மழை வருவதற்குள் அண்ணாச்சி சுவரடிக் குழியில் மண் மூட்டை போட வேண்டும்.