ஆபீஸ் மெயிலுக்குன்னு போன் வாங்கறவங்களுக்கு: சாம்சங் கேலக்ஸி ஏ56, ஒரு மெர்ச்சண்டைசர் பார்வைல

போன் வாங்கறதுன்னாலே எல்லாரும் கேமரால தான் ஆரம்பிக்கறாங்க, ஆனா திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசிங் (வெளிநாட்டு பையரோட ஆர்டரை ஷிப்மென்ட் வரைக்கும் பாத்துக்கற வேலை) பாக்கறவங்களுக்கு போன்ல முதல்ல வேணும்கறது மெயில் வந்த நிமிஷமே சத்தம் போடணும், அவ்வளவு தான். ஜெர்மனில இருக்கற பையர் காலைல 9 மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கறப்ப நமக்கு மத்தியானம் 12:30, குளிர்காலத்துல 1:30 ஆயிரும், அவங்க 5 மணிக்கு மூட்டை கட்டறப்ப நமக்கு ராத்திரி 8:30, இல்ல 9:30. அதாவது லேப் டிப் (கலர் பாக்க சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) அப்ரூவல், பிபி சாம்பிள் (மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி அனுப்பற மாதிரி) கமெண்ட், ஷிப்மென்ட் தேதி மாத்தச் சொல்றது, எல்லாமே நாம சீட்ல இல்லாத நேரமாப் பாத்து தான் வரும், அப்ப நாம சாயப்பட்டறைல நிப்போம் இல்ல பஸ்ல இருப்போம். அந்த ஒரு மெயிலை அன்னிக்கே பாத்து பதில் போட்டா துணி அன்னிக்கு ராத்திரியே டையிங் ஏறிரும், பாக்காம விட்டா ஒரு நாள் போச்சு, சனிக்கிழமைக்கு முந்தின நாளா இருந்தா மூணு நாள் போச்சு.

அதனால இந்த ரிவ்யூல கேம் எப்படி ஓடுது, பெஞ்ச்மார்க் எவ்வளவு வருதுன்னு எல்லாம் எதுவும் இல்லைங்க. நான் இப்ப வச்சிருக்கறது கேலக்ஸி ஏ56 5ஜி, 2025 மார்ச்ல வந்தது, இந்தியால 8 ஜிபி ரேம் 128 ஜிபி மாடல் ரூ.41,999னு ஆரம்பிச்சாங்க, ஆஃபர் நேரத்துல குறைச்சு தான் குடுக்கறாங்க, அதனால அந்த முழு விலைக்கு வாங்க வேண்டாம்.

இதை எடுத்ததுக்கு பெரிய காரணம் அப்டேட் தான். ஆண்ட்ராய்டு 15ல வந்த போன், 6 ஆண்ட்ராய்டு வெர்ஷன் அப்டேட், 6 வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தர்றோம்னு சாம்சங் சொல்லிருக்காங்க, அப்படின்னா 2031 வரைக்கும் ஓடும். இது ஏதோ பேப்பர்ல இருக்கற நம்பர்னு நெனைக்காதீங்க. கொஞ்சம் பெரிய கம்பெனி, பையிங் ஹவுஸ் (பையருக்காக இங்க ஆர்டர் பாக்கற ஆபீஸ்) இங்கெல்லாம் ஆபீஸ் மெயிலை போன்ல போடணும்னா இன்ட்யூன் மாதிரி போனை செக் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருப்பாங்க, அது போன்ல லாக் இருக்கா, ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன், செக்யூரிட்டி பேட்ச் எப்ப வந்ததுன்னு செக் பண்ணிட்டு தான் மெயிலுக்கு உள்ள விடும். பேட்ச் வராத பழைய போன்னா ஒரு நாள் காலைல திடீர்னு "உங்க போன் கம்பெனி விதிக்கு ஒத்துவரல"ன்னு மெயிலே நின்னு போகும், போன் பளபளன்னு புதுசாட்டம் இருந்தாலும் வேலைக்கு ஆகாது. அதுபோக யுபிஐ, பேங்க் ஓடிபி எல்லாம் அதே போன்ல தானே இருக்கு, பேட்ச் வராத போன்ல அதை வச்சுக்கறது எனக்கு மனசு ஒப்பல.

அடுத்தது நோட்டிஃபிகேஷன், நான் இங்க கொஞ்சம் விளக்கமா சொல்லியே ஆகணும், ஏன்னா போன் எவ்வளவு காசு குடுத்து வாங்கினாலும் இந்த செட்டிங் தெரியலன்னா பிரயோஜனம் இல்ல. இதுக்கு முன்னாடி வச்சிருந்த போன்ல (பேரு வேண்டாம்) ஸ்கிரீன் ஆஃப்ல இருந்தா மெயில் வராது, பாக்கெட்ல இருந்து எடுத்து அன்லாக் பண்ணா தான் பொலபொலன்னு பத்து மெயில் சேந்து வந்து விழும். பேட்டரியை மிச்சம் பண்றேன்னு ஆப்பை எல்லாம் பின்னாடி கொன்னு போட்டுரும். சாம்சங்லயும் இந்த விஷயம் இருக்கு, ரொம்ப நாள் திறக்காத ஆப்பை ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்னு ஒரு லிஸ்ட்ல தூக்கிப் போடும், ஆனா அதுக்கு மாத்து செட்டிங் தெளிவா குடுத்திருக்கான். செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போயி பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்னு இருக்கும், அதுல நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்ல ஜிமெயில், அவுட்லுக், வாட்ஸ்ஆப், ஆத்தென்டிகேட்டர் (ஆபீஸ் அக்கவுண்ட்ல சைன் இன் பண்றப்ப ஓகே கேக்கற ஆப்) நாலையும் சேத்துருங்க, அப்பறம் அந்தந்த ஆப்போட ஆப் இன்ஃபோல பேட்டரியை அன்ரெஸ்ட்ரிக்டட்னு வைங்க. வாங்கின அன்னிக்கே இதைப் பண்ணேன், அதுல இருந்து மெயில் வந்த உடனே வருது, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவுட்லுக் சத்தம் போடறதுக்கு முன்னாடி சில நேரம் போன் சத்தம் போடுது.

ஆனா ஒண்ணு, எல்லா லேட்டும் போனால வர்றது இல்ல. நம்ம ஊர்ல பாதி கம்பெனில கூகுள், மைக்ரோசாஃப்ட் மெயில் கிடையாது, கம்பெனி பேர்ல ஒரு டொமைன் வாங்கி வெப்சைட் பண்ணிக் குடுத்தவரே மெயிலும் போட்டுக் குடுத்திருப்பாரு, ஐமேப் அக்கவுண்ட், அதாவது மெயில் சர்வர்லயே இருக்கும், ஆப் அங்க போயி பாக்கும். அதை ஜிமெயில் ஆப்ல சேத்தா உடனுக்குடன் வராது, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் போயி பாத்துட்டு வரும், அதுக்குக் கீழ குறைக்கவே முடியாது. அப்படி இருக்கறவங்க தண்டர்பேர்டு ஆப் போட்டுக்கோங்க, முன்னாடி கே-9 மெயில்னு இருந்துச்சே அது தான், 2024 கடைசில தண்டர்பேர்டுன்னு பேர்ல வந்துச்சு, காசு இல்ல, அதுல புஷ் ஆன் பண்ணிட்டா ஐமேப் மெயிலும் உடனே வரும். இன்னும் சில ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பாப் அக்கவுண்டா (மெயிலை கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கற முறை) போட்டிருப்பாங்க, சர்வர்ல காப்பி விடற டிக் எடுத்திருந்தா கம்ப்யூட்டர் மெயிலை இழுத்தவுடனே சர்வர்ல இருந்து போயிரும், போன்ல எதுவுமே தெரியாது, அதுக்கு புது போன் வாங்கி ஒரு புண்ணியமும் இல்ல, அந்த செட்டிங்கை மாத்தச் சொல்லுங்க.

ஸ்கிரீன் 6.7 இன்ச் அமோலெட், 120 ஹெர்ட்ஸ். டெக் பேக் (டிசைன், அளவு விவரம் எல்லாம் இருக்கறது) பிடிஎஃப் 20 பக்கம் இருந்தாலும் படிக்க கஷ்டமில்ல, ஸ்பெக் ஷீட் எக்செல் மட்டும் போனைப் படுக்கப் போட்டு தான் பாக்கணும். பட்டறை வாசல்ல உச்சி வெயில்ல நின்னு பாத்தாலும் எழுத்து தெரியுது, எனக்கு இது ரொம்ப முக்கியம். ஆனா நம்ம வேலைக்காரங்க கவனிக்க வேண்டியது கலர். போன் பெட்டியில இருந்து வர்றப்ப விவிட் மோட்ல இருக்கும், கலரை எல்லாம் தூக்கிக் காட்டும், மெரூன் சிவப்பாட்டம் தெரியும், நேவி நல்லா நீலமா தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ல ஸ்கிரீன் மோட் போயி நேச்சுரல் வச்சிருங்க, ஐ கம்ஃபர்ட் ஷீல்டு ஆன்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, அது ஸ்கிரீனை மஞ்சளாக்கிரும். அப்படியே பண்ணாலும் போட்டோல பாத்து ஷேடு ஓகே சொல்றதுங்கறது கூடவே கூடாது, லைட் பாக்ஸ்ல டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை லைட்) ரெண்டுலயும் வச்சுப் பாத்து, லேப் டிப்பை கூரியர்ல அனுப்பி பையர் கையெழுத்து வாங்கணும், போன் போட்டோ எல்லாம் "கிட்டத்தட்ட இந்த ரேஞ்சு"ன்னு காட்டறதுக்கு மட்டும் தான். புதுசா வேலைக்கு வர்ற பசங்க கிட்ட இதைத் திரும்பத் திரும்ப சொல்றேன்.

கேமரா பத்தி சொல்லணும்னா, 50 மெகாபிக்சல் மெயின் கேமரா, கை ஆடாம இருக்க ஓஐஎஸ் இருக்கு, தையல், ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் கிட்ட வச்சு எடுத்து கியூசிக்கு (தரம் பாக்கறவங்களுக்கு) அனுப்ப தாராளமா போதும். 5 மெகாபிக்சல் மேக்ரோன்னு ஒண்ணு குடுத்திருக்கான், அதை நான் தொடறதே இல்ல, மெயின் கேமராலயே ஜூம் பண்ணி எடுத்தா இதைவிட தெளிவா வருது.

ஆபீஸ், வீடு ரெண்டையும் ஒரே போன்ல வைக்கறவங்க வொர்க் புரொஃபைல் பத்தி தெரிஞ்சுக்கணும். இது சாம்சங்க்குன்னு இல்ல, ஆண்ட்ராய்டுலயே இருக்கறது, கம்பெனில செட் பண்ணிக் குடுத்தா ஆபீஸ் ஆப் எல்லாம் சின்னதா பெட்டி அடையாளம் போட்டு தனியா வந்துரும். நிறைய பேர் "கம்பெனிக்காரங்க என் போட்டோ எல்லாம் பாத்துருவாங்க"ன்னு பயந்துட்டு மெயிலே போட மாட்டேங்கறாங்க, நம்ம சொந்த போன்ல வொர்க் புரொஃபைல் போட்டா அவங்களால அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதை மட்டும் தான் பாக்கவோ அழிக்கவோ முடியும், வேலையை விட்டுப் போறப்ப அதை மட்டும் அழிப்பாங்க, நம்ம வீட்டு போட்டோ, வாட்ஸ்ஆப் அப்படியே இருக்கும். ஞாயித்துக்கிழமை அந்தப் புரொஃபைலை பாஸ் பண்ணி வச்சிரலாம், மெயில் சத்தமே கேக்காது. எனக்கு இந்த வசதி மேல அவ்வளவு மரியாதை, ஏன்னா நம்ம லைன்ல சாப்பிடறப்ப கூட பையர் மெயில் வந்துட்டே இருக்கும், கொழந்தைங்க முகத்தைப் பாக்கவும் ஒரு நாள் வேணும்ல. வொர்க் புரொஃபைல் இல்லாதவங்க ஜிமெயில்ல முக்கியமான பையருக்கு மட்டும் லேபிள் போட்டு அதுக்கு தனி சத்தம் வச்சுக்கலாம், மத்ததை எல்லாம் அமைதியாக்கிரலாம். அப்பறம் லாக் ஸ்கிரீன்ல மெயில் உள்ளடக்கம் தெரியாத மாதிரி மறைச்சு வைங்க, நாம போட்ட விலை டேபிள் மேல கெடக்கற போன்ல பளிச்சுன்னு தெரிஞ்சா பக்கத்து கம்பெனிக்காரர் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்.

பேட்டரி 5000 எம்ஏஎச், ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல வேலை பாக்காத நாள்ல ராத்திரி வரைக்கும் கவலையில்ல, ஹாட்ஸ்பாட் போட்டா சாயந்தரமே சார்ஜ் தேடணும். 45 வாட் சார்ஜிங் இருக்கு, ஆனா பெட்டில சார்ஜர் கெடையாது, கேபிள் மட்டும் தான். பழைய சார்ஜர்ல போட்டா ஆமை வேகம், பிபிஎஸ் (வேகமா சார்ஜ் ஏத்தற முறை) இருக்கற 45 வாட் சார்ஜரும் 5 ஆம்ப் கேபிளும் தனியா வாங்கணும், போன் பட்ஜெட்லயே அந்தக் காசையும் சேத்துக்கோங்க. ஐபி67 (தூசி, தண்ணி தாங்கற அளவு) இருக்கறதால மழைல நனைஞ்சா பயமில்ல, ஆனா அந்தக் கணக்கு நல்ல தண்ணிக்குத் தான், சாயத்தண்ணி, கெமிக்கல், ஆவி இதுக்கெல்லாம் பொருந்தாது, பட்டறைக்குள்ள போறவங்க கவர் போட்டே வச்சுக்கங்க. ஈரக்கைல ஸ்கிரீன்ல இருக்கற ஃபிங்கர் பிரிண்ட் சரியா எடுக்காது, பின் நம்பர் போட்டுத் தான் திறக்கணும்.

குறைன்னு பாத்தா எனக்கு உறுத்தறது மெமரி கார்டு ஸ்லாட்டை எடுத்தது. முந்தின ஏ55ல இருந்துச்சு, இதுல இல்ல. நம்ம வாட்ஸ்ஆப் குரூப்ல தினமும் வர்ற சாம்பிள் போட்டோ, வீடியோவுக்கே 128 ஜிபி சீக்கிரம் ரொம்பிரும், அதனால 256 தான் எடுக்கணும், காசு கூட ஆகுது. வயர் போட்டு மானிட்டர்ல கனெக்ட் பண்ணி வேலை பாக்கற டெக்ஸ் வசதியும் இதுல கெடையாது. வயர்லெஸ் சார்ஜிங், ஹெட்போன் ஜாக் ரெண்டும் இல்ல.

இந்த விலை வேண்டாம்னு நெனைக்கறவங்க ஏ26 பாருங்க, அதுக்கும் 6 வருஷம் அப்டேட் சொல்லிருக்காங்க, மெமரி கார்டும் போடலாம், வெறும் மெயில், வாட்ஸ்ஆப், யுபிஐக்கு அது தாராளம். பேக்கிங் செக்‌ஷன்ல, டெஸ்பாச்ல இருக்கறவங்களுக்கு நான் அதைத் தான் எடுக்கச் சொல்றேன். கையில காசு இருந்து இன்னும் சின்ன போன் வேணும்னா கூகுள் பிக்சல் 9ஏ, 7 வருஷம் அப்டேட், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே சர்வீஸ் இருக்கான்னு விசாரிச்சுக்கோங்க, வேலைக்கு வச்சிருக்கற போனை ரிப்பேருக்கு வெளியூர் அனுப்பிட்டு வாரக்கணக்கா உக்காந்திருக்க முடியாது. ஐபோன் எடுக்கறவங்க ஜிமெயிலை ஆப்பிளோட மெயில் ஆப்ல போடாதீங்க, அதுல ஜிமெயில் உடனே வராது, ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கோங்க.

புது போன் வந்த சந்தோஷத்துல பழைய போனை அன்னிக்கே ரீசெட் பண்ணி தம்பிக்கோ அப்பாவுக்கோ குடுத்துராதீங்க. மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர்ல ஆபீஸ் அக்கவுண்ட் பேக்கப் எடுத்திருந்தாலும் புது போன்ல பேர் மட்டும் தான் வரும், மறுபடி சைன் இன் பண்ணி ஓகே குடுக்கணும், அந்த ஓகே கேக்கறது பழைய போன்ல தான். ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு மெயில், ஆத்தென்டிகேட்டர், பேங்க் ஆப் எல்லாம் புதுசுல ஓடுதான்னு பாத்துட்டு அப்பறம் பழசை அழிங்க. ஷிப்மென்ட் இருக்கற வாரத்துல மாத்த வேண்டாம், ஐடி பாக்கறவர் கிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்துங்க.