முத்துப் பொடியா, கால்சியம் மாத்திரையா, சன்ஸ்கிரீனா? ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்

முத்துப் பொடி சாப்பிடலாமா என்று யாராவது கேட்டால், "எதற்காக?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரி. எலும்புக்கு என்பார் ஒருவர். முகம் பளபளக்க என்பார் இன்னொருவர். முதுமையைத் தள்ளிப்போட என்பார் வேறொருவர். ஒவ்வொன்றுக்கும் போட்டி வேறு. எலும்புக்கு என்றால் சாதாரணக் கால்சியம் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சருமத்துக்கு என்றால் சன்ஸ்கிரீனுக்குப் பக்கத்தில். விளம்பரங்கள் இந்த ஒப்பீட்டின் பக்கமே போவதில்லை. "இதில் இத்தனை அமினோ அமிலம், இத்தனை தாது" என்று அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன. பணம் கொடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: பக்கத்தில் இருப்பதைவிட இது ஒரு படி மேலா?

முதலில், பொடிக்குள் இருப்பது என்ன? ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, சிப்பி ஓடு, மருந்துக்கடையில் கிடைக்கும் பெரும்பாலான கால்சியம் மாத்திரைகள் எல்லாவற்றிலும் இருக்கும் அதே சேர்மம். முத்தில் அது பெரும்பாலும் அரகோனைட் என்ற படிக வடிவத்திலும், சுண்ணாம்புக்கல்லில் கால்சைட் வடிவத்திலும் இருக்கிறது. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் வேறு. இரைப்பை அமிலத்தில் கரைந்துவிட்டால் அந்த அடுக்கும் கலைந்து இரண்டும் ஒரே கால்சியம்தான். முத்துக்கே உரியது என்று சொல்லக்கூடியது மிச்சமுள்ள சில சதவீதம்: கான்கியோலின் முதலான புரதங்கள், கொஞ்சம் நீர், மிக நுண்ணளவில் ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு போன்றவை.

ஒரு சிட்டிகை முத்துப் பொடியில் நாலு சொட்டு வினிகர் விட்டால் சட்டென்று நுரைத்துப் பொங்கும். அதைப் பார்த்து அசல் முத்து என்று நம்பிவிடக் கூடாது. வெளிவருவது கரியமில வாயு. சிப்பி ஓட்டுப் பொடியும் சுண்ணாம்புக்கல் பொடியும் அப்படியேதான் பொங்கும். எக்ஸ்ரே படிகச் சோதனை செய்தால் அரகோனைட்டா, கால்சைட்டா என்று தெரிந்துவிடும். ஆனால் முத்தையும், சிப்பியின் உட்புறத்தில் பளபளக்கும் நேக்கர் அடுக்கையும் பொடித்தபின் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டையும் கட்டுவது ஒரே உயிரி, ஒரே பொருட்களைக் கொண்டு. ஆகவே முத்து என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், சத்தில் பெரிதாக எதையும் கூடுதலாகப் பெறுவதில்லை.

சித்த மருத்துவத்தில் முத்தைப் புடம் போட்டு, அதாவது கடும் சூட்டில் எரித்து எடுக்கும் பற்பம் தனி வகை. சில நூறு டிகிரி சூட்டில் புரதங்கள் எரிந்துபோகும், அரகோனைட்டும் கால்சைட்டாக மாறும். அதனால் அரைத்த முத்துப் பொடியின் புரதத்தை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பற்பத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

எலும்புக்கு: முத்துப் பொடியும் கால்சியம் மாத்திரையும்

கணக்கு எளிது. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியம். ஆக ஒரு கிராம் முத்துப் பொடியில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தேவை என்பது பொதுவான பரிந்துரை. சீன மருந்தியல் நூல் முத்துக்குச் சொல்லும் அளவு 0.1 முதல் 0.3 கிராம். அதிலிருந்து அதிகபட்சம் 110 மில்லிகிராம் சொச்சம்தான் தேறும். அந்த அளவில் சாப்பிடுபவர் அதைக் கால்சியம் மருந்தாக நம்பியிருக்க முடியாது.

உடலில் சேர்வது எப்படி? 2008இல் தைவான் ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் சோதித்தபோது, மைக்ரான் அளவு முத்துப் பொடியைவிட நானோ அளவுக்கு அரைத்தது நன்றாக உறிஞ்சப்பட்டது. நல்ல தகவல்தான். ஆனால் இது முத்தை முத்தோடு ஒப்பிட்ட கணக்கு. துகள் சிறுத்தால் கரைவது எளிதாகும், அது எந்தக் கார்பனேட்டுக்கும் எதிர்பார்க்கக்கூடியதே. அந்த முடிவை எடுத்துக்கொண்டு "மாத்திரையைவிட முத்து மேல்" என்று எழுதுபவர்கள், ஆய்வு கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 2006இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில், மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைச் சுமார் ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும், கார்பனேட் வடிவில், 400 யூனிட் வைட்டமின் டியும். கிடைத்தது என்ன? இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீத அளவுக்குக் கூடியது. இடுப்பு எலும்பு முறிவு சற்றுக் குறைந்தாலும் அது தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகமானது. இத்தனை பெரிய ஆய்வில், இத்தனை நாள் கொடுத்தும், சாதாரணக் கார்பனேட்டின் பலன் இவ்வளவுதான். அதே கார்பனேட்டை முத்து வடிவில் எடுத்தால் எலும்பு இரும்பாகிவிடும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சிறுநீரகக் கல் பயம் மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்தப் பிரிவில் உண்மையாகவே வித்தியாசம் காட்டுவது கால்சியம் சிட்ரேட். அதில் கால்சியம் 21 சதவீதம்தான். அதனால் மாத்திரை பெரிதாக இருக்கும், எண்ணிக்கையும் கூடும். ஆனால் அது கரைய இரைப்பை அமிலத்தை நம்பியிருப்பதில்லை. இரைப்பையில் அமிலமே சுரக்காதவர்களிடம் 1985இல் செய்த ஆய்வில், வெறும் வயிற்றில் கொடுத்த கார்பனேட்டிலிருந்து சுமார் 4 சதவீதக் கால்சியம்தான் உள்ளே போனது. சிட்ரேட்டிலிருந்து 45 சதவீதம். உணவோடு கொடுத்தபோது கார்பனேட்டும் சரியாகவே உறிஞ்சப்பட்டது. எனவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பல மாதங்களாக எடுத்துக்கொள்பவர், வயதானவர் ஆகியோருக்கு முத்துப் பொடியைவிட சிட்ரேட்தான் என் தேர்வு. அப்படியும் முத்துப் பொடிதான் வேண்டும் என்பவர் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டாம். ஒரே வேளையில் 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் போனால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும் என்பதால், பிரித்து எடுப்பதுதான் நல்லது.

ஆய்வகத்தில் முத்து ஜொலிக்கும் இடம்

இதுவரை படித்துவிட்டு முத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஹோண்டுராஸில் 1931இல் மாயன் நாகரிகக் காலத்து மனிதக் கீழ்த்தாடை எலும்பு ஒன்று கிடைத்தது. காலம் கி.பி. 600 வாக்கில். மூன்று முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் செதுக்கிய சிப்பி ஓட்டுத் துண்டுகள் பதிந்திருந்தன. இறந்தபின் செய்த சடங்கு என்றே பலரும் எண்ணினார்கள். 1970இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அந்தத் துண்டுகளைச் சுற்றி எலும்பு இறுக வளர்ந்திருந்தது. உயிரோடு இருந்தபோதே பொருத்தப்பட்டவை!

1992இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எவ்லின் லோபஸ் குழுவினர், நேக்கர் துண்டுகளுக்கு அருகில் வைத்து வளர்த்த மனித எலும்புச் செல்கள் புது எலும்புப் பொருளை உருவாக்குவதைக் காட்டினார்கள். 1997இல் மேல்தாடை எலும்பு குறைந்துபோன நோயாளிகளுக்கு அந்த இடத்திலேயே நேக்கர் பொடியைச் செலுத்தி, எலும்பு வளர்ந்ததைப் பதிவு செய்தார்கள். முத்தைப் பற்றிய அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதில் அந்தச் சில சதவீதப் புரதம் நிஜமாகவே வேலை செய்வதாகத் தெரிகிறது.

ஆனால் கவனியுங்கள், இது எலும்பைத் தொட்டபடி வைத்த நேக்கர். வாய்வழியாகப் போகும் புரதத்தை இரைப்பையும் குடலும் துண்டு துண்டாக்கிவிடும். தாடையில் கிடைத்த வெற்றியைக் கரண்டிக்கு மாற்ற முடியாது.

முதுமையைத் தள்ளிப்போட

இதற்கு அதிகம் காட்டப்படுவது 2018இல் வெளியான தைவான் ஆய்வு. நடுத்தர வயதினர் 20 பேர். ஒரு பிரிவுக்குத் தினம் 3 கிராம் புரதம் மிகுந்த முத்துப் பொடி, இன்னொன்றுக்கு ஒப்பிடுவதற்காக முத்தே இல்லாத போலிப் பொடி, எட்டு வாரம். முத்து எடுத்தவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் கூடியது, ஆக்சிஜனேற்றத்தால் கொழுப்பு சேதமடைவதன் அடையாளங்கள் குறைந்தன. அதே ஆய்வில் ஒரு நுண்புழுவின் ஆயுளும் நீண்டது. முறையாக, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்துச் செய்த சோதனை என்பதை மதிக்கிறேன். ஆனால் 20 பேர், எட்டு வாரம். இரத்தத்தில் ஒரு எண் மாறுவதும், நோய் குறைவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல. அப்புறம், சீன மருந்தியல் நூல் சொல்லும் உச்ச அளவைப்போல் இது பத்து மடங்கு. சாதாரண முத்துப் பொடியில் 3 கிராம் எடுத்தால் ஒரு நாளுக்கான கால்சியம் முழுவதும் அதிலேயே வந்துவிடும். உணவில் வருவது அதற்கு மேல்.

நான் பார்க்க ஆசைப்படும் சோதனை இதுதான்: ஒரு பிரிவுக்கு முத்துப் பொடி, இன்னொரு பிரிவுக்கு அதே அளவு சாதாரணக் கால்சியம் கார்பனேட். வித்தியாசம் தெரிந்தால் அது முத்தின் புரதத்துக்குச் சேரும்.

சருமத்துக்கு

இங்கே போட்டியே இல்லை. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் முதுமை அடையாளம் 24 சதவீதம் குறைவு. முத்துப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் செல் வளர்ப்பும் எலிகளும்: நேக்கர் சாறு நிறமி உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது, புண் ஆற உதவுகிறது என்பவை. மேலும் ஆராயத்தக்கவை, ஆனால் முகத்தில் பூசி முடிவெடுக்கும் அளவுக்கு வளரவில்லை. பூசிய உடனே தெரியும் பளிச்சென்ற தோற்றம், நுண்ணிய வெள்ளைத் துகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. கழுவினால் போய்விடும்.

வாங்குமுன்

கடலிலும் ஆற்றிலும் வளரும் சிப்பிகள் தண்ணீரில் உள்ள கன உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கடையில் கிடைக்கும் 21 கால்சியம் தயாரிப்புகளில் 8இல் அளவிடக்கூடிய ஈயம் இருந்தது. இயற்கை மூலங்களில் இருந்து எடுத்த 7இல் 4, சுத்திகரித்த 14இல் 4. அளவு சிறிதுதான், ஆனால் இயற்கை என்ற சொல் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்பது தெளிவு. எனவே ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நான்கையும் சோதித்த ஆய்வக அறிக்கையைத் தராத முத்துப் பொடியை வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். சிப்பி, நத்தை வகை உணவு ஒவ்வாதவர்களும் தள்ளியே இருக்கலாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதற்கும் முத்துப் பொடிக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றோடும் சேர்த்து எடுக்கக் கூடாது. மருத்துவர் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது பலரும் முத்துப் பொடியைச் சொல்வதில்லை, அதை மருந்தாகவே நினைப்பதில்லை. அதையும் பெயர், அளவோடு சொல்லுங்கள்.